காளாஞ்சகப்படையும் காவலணுக்களும்: ஒரு நோயறிவின் வரலாறு

முன்னுரை

தோலில் தோன்றும் நோய்க்கு மறைவிடம் இல்லை. நெஞ்சிலும் குடலிலும் உறையும் நோயை உடையவரும் மருத்துவருமே அறிவர். தோல்நோயையோ கண்டார் அனைவரும் அறிவர், அறிந்தவுடன் பெயரிடுவர், பெயரிட்டவுடன் விலகுவர். ஆதலின் தோல்நோய்களின் வரலாறு மருத்துவ வரலாறாக மட்டும் நில்லாது, சொல் வரலாறாகவும் சமுதாய வரலாறாகவும் விரிகின்றது. இவ்வுண்மையை ஒரு நோயின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட நோயினைச் சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்பர். மேலை மருத்துவர் சோரியாசிஸ் என்பர். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, அதன்மேல் வெள்ளி நிறச் செதில்கள் படர்ந்து உதிர்தல் இதன் இயல்பு. சிலர்க்கு மூட்டுகளும் வீங்கி நோவும். இது தொடுதலால் பரவுவதன்று. ஒருகால் தணியும், மீண்டும் தோன்றும்.

உடலைக் காத்தற்கென அமைந்த வெள்ளணுக்கள், பகை இல்லாவிடத்தும் தோலிற் புகுந்து போர் தொடுப்பதே இந்நோயின் அடிப்படை என்பது இன்றைய அறிஞர் துணிபு. இத்துணிபு வலுப்பெற்றது 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஆயின் அவ்வணுக்களை உருப்பெருக்கியின் கீழ்க் கண்டவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தனர். கண்டதற்கும் அறிந்ததற்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு கழிந்தமைக்குக் காரணம் யாது? கண்ட பொருளுக்கு முதலில் இட்ட பெயரும், அப்பெயரோடு ஒட்டிய கருத்தும், பின்வந்தோர் கண்ணை மறைத்தன என்பதே எம் விடை. அதனை முறையே காண்பாம்.

1. ஒரு சொல் மூன்று பொருள்

கிரேக்க மொழியில் ‘லெபிஸ்’ என்பது செதில். அதனடியாகப் பிறந்த ‘லெப்ரா’ என்னும் சொல், ஹிப்பாக்கிரட்டீசு பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் செதிலுதிரும் தோல்நோய்களைக் குறித்தது. ‘சோரா’ என்பது அரிப்புடைய தோல்நோயைக் குறித்தது. இச்சொல் நம் ‘சொறி’யோடு ஒலியால் ஒத்திருத்தல் கண்டு இரண்டும் ஒரு வேரின எனத் துணிதல் ஆகாது, ஒலியொப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பது மொழிநூலார் நன்கறிந்த நெறி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டினரான காலன் ‘சோரியாசிஸ்’ என்னும் சொல்லை ஆண்டார். எனினும் அவர் அதனாற் சுட்டியது பெரும்பாலும் இமை முதலிய இடங்களில் தோன்றும் அரிப்பு நோயையே. தொழுநோயைக் கிரேக்க மருத்துவர் இவ்விரு சொற்களாலும் குறிக்கவில்லை. அதற்கு ‘எலிபன்டியாசிஸ்’ என்னும் வேறு பெயர் இருந்தது.

குழப்பம் மொழிபெயர்ப்பால் நேர்ந்தது. எபிரேய மறைநூலைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கிரேக்கத்திற் பெயர்த்தோர், ‘சாராத்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு ‘லெப்ரா’ என்று எழுதினர். சாராத் என்பது சமயத் தூய்மையின்மையைக் குறித்த சொல். ஆடையிலும் வீட்டுச் சுவரிலுங்கூட அது தோன்றும் என அம்மறை கூறும். பின்னர்க் கி.பி. 11-ஆம் நூற்றாண்டில், இத்தாலி நாட்டு மான்டி காசினோ மடத்தில் வாழ்ந்த கான்ஸ்டன்டைன் என்பார் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனிற் பெயர்த்தபொழுது, தொழுநோயைக் குறிக்கும் ‘ஜுதாம்’ என்னும் அரபுச் சொல்லுக்கும் ‘லெப்ரா’ என்றே எழுதினார்.

ஆகச் செதில் நோய், சமயத் தீட்டு, தொழுநோய் என்னும் மூன்றும் ஒரு சொல்லின் நிழலில் ஒதுங்கின. தொழுநோயாளர் ஊர்ப்புறத்து விடுதிகளில் ஒதுக்கிவைக்கப்பட்ட காலம் அது. தொற்றாத செதில் நோயினரும் அவரோடு ஒருங்கு எண்ணப்படுதற்கு இச்சொல் மயக்கம் வழிவகுத்தது. ஒரு மொழிபெயர்ப்புப் பிழை ஒரு மனிதனை வீட்டினின்றும் ஊரினின்றும் அகற்ற வல்லது என்பதற்கு இதனின் வலிய சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டு மருத்துவ நூல்களும் ஈண்டு நினையத்தக்கன. சரகம் முதலிய ஆயுர்வேத நூல்கள் குட்டத்தைப் பெருங்குட்டம் 7, சிறுகுட்டம் 11 என 18 வகையாக்கின. தொழுநோய் அவற்றுள் அடங்கியதுபோலவே, செதிலும் தடிப்பும் உடைய பிற தோல்நோய்களும் அடங்கின. வகை பிரித்தது நூலாரின் நுண்மை. ஆயினும் வழக்கில் ‘குட்டம்’ என்னும் பொதுச் சொல்லே நின்றது, உள்வகைகள் மறந்தன.

இம்மயக்கத்தை நீக்குதற்கு முதல் முயற்சி இலண்டனில் இராபர்ட் வில்லான் என்பாரால் நிகழ்ந்தது. அவர் 1808-இல் நிறைவெய்திய தம் நூலில் தோல்நோய்களைப் புறத்தோற்றத்தால் வகுத்து, ஒவ்வொன்றற்கும் வரையறை செய்தார். எனினும் செதில் நோயின் வட்டமான வகைக்கு ‘லெப்ரா’ என்னும் பெயரையே வைத்து, ஏனையதைச் சோரியாசிஸ் என்றார். 1841-இல் வியன்னா நகரத்து ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, அவ்விரண்டும் ஒரு நோயின் இருவேறு வடிவங்களே எனக் காட்டி, லெப்ரா என்னும் பெயரை இந்நோயினின்றும் நீக்கினார். 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டமை, இரு நோய்களின் பிரிவை ஐயத்திற்கு இடமின்றி உறுதி செய்தது.

2. கண்டும் அறியாமை

நோயைப் பிரித்தறிந்தபின் அதன் காரணத்தைத் தேடும் காலம் பிறந்தது. செம்மை, வெம்மை, வீக்கம், நோவு என அழற்சியின் நான்கு குறிகளைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமர் செல்சசு தொகுத்துரைத்திருந்தார். ‘அழற்சி’ என்னும் நம் சொல்லும் ‘அழல்’ என்பதனடியாகப் பிறந்ததே. அழல் தெரிந்தது, மூட்டியவர் யாவர் என்பது தெரியவில்லை.

1868-இல் பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்னும் 21 அகவை மாணவர், மனிதத் தோலைத் தங்கக் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நோக்கினார். மேற்றோலில், கிளைகள் பரப்பிய மரம்போன்ற அணுக்கள் கருமையாகத் தோன்றின. அக்கரைசல் நரம்புகளைத் துலக்குதற்குப் பயன்பட்டது. அவ்வணுக்களும் நரம்பிழைபோல் கிளைத்திருந்தன. ஆதலின் அவை நரம்பு மண்டலத்தைச் சார்ந்தன என அவர் கருதினார். அக்காலத்து இதனின் வேறு முடிவை எதிர்பார்த்தல் முறையாகாது. ஆயினும் அவ்வணுக்கள் எலும்பு மச்சையிற் பிறந்து தோலிற் குடியேறும் காவலணுக்கள் என்பது 1979-இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. இடையிற் கழிந்த ஆண்டுகள் 111.

1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், உருசிய அறிஞர் மெச்னிக்காவ் ஒளியூடுருவும் விண்மீன் இளவுயிரியின் உடலில் ரோசா முள்ளைச் செருகினார். மறுநாட் காலை அம்முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் திரண்டிருக்கக் கண்டார். நகரும் அணுக்கள் அயற்பொருளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்னும் கொள்கை அன்று தோன்றியது. அதே காலப்பகுதியில் செருமானிய நாட்டுப் பவுல் எர்லிச், வெள்ளணுக்களை அவை ஏற்கும் சாயத்தால் வகைப்படுத்தினார். நடுநிலைச் சாயம் ஏற்பது நடுநிலை வெள்ளணு ஆயிற்று. பெயர் சாயத்தைச் சுட்டியது, தொழிலைச் சுட்டவில்லை. இவ்விருவரும் 1908-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

1898-இல் ஆசுதிரேலிய நாட்டு மன்ரோ, காளாஞ்சகப்படையின் செதிற்படலத்துள் அந்நடுநிலை வெள்ளணுக்கள் சிறுசிறு சீழ்க்குவைகளாய்த் திரண்டிருத்தலைக் கண்டு எழுதினார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. பகைக் கிருமி இல்லாத இடத்தில் காவற்படை ஏன் திரண்டது? இவ்வினா அன்றே எழுந்திருத்தல் கூடும். ஆயின் அக்குவைகள் நோயை இன்னதென்று உறுதிசெய்யும் அடையாளமாக மட்டும் கொள்ளப்பட்டன.

3. மேற்றோற் கொள்கை

இதற்கு ஒரு காரணம் ஹெப்ராவின் பெருமையே எனலாம். தோல்நோய் யாவும் குருதியின் கேட்டால் வெளிப்படுவன என்னும் பழங்கருத்து அவர் காலத்தில் ஓங்கியிருந்தது. சொறிநோய் ஒரு சிற்றுண்ணியால் விளைவது எனக் காட்டி அவர் அக்கருத்தை வீழ்த்தினார். தோலின் நோயைத் தோலிலேயே தேடுக என்பது அவர்வழிப் பிறந்த நெறி. அந்நெறி பல நோய்களில் நன்மை பயத்தது. இந்நோயிலோ நோக்கை மேற்பரப்பிலேயே நிறுத்தியது.

1960-களில் அமெரிக்க நாட்டு வான் ஸ்காட் முதலியோர் மேற்றோலணுக்களின் பெருக்கத்தை அளந்தனர். நலமுற்ற தோலில், அடியிற் பிறந்த அணு மேலேறி உதிர்தற்கு ஏறத்தாழ 4 வாரம் ஆகும். நோயுற்ற தோலிலோ ஏறத்தாழ 4 நாளில் அது முடிந்துவிடுகின்றது. முதிராத அணுக்கள் ஒட்டிய நிலையிலேயே மேலே குவிதலாற் செதில் உண்டாகின்றது. இவ்வளவை மிக அழகியது, உண்மையும் ஆகும். ஆனால் இதனின்றும், மேற்றோலணுவின் கட்டுக்கடங்காப் பெருக்கமே நோயின் மூலம் என்னும் முடிவும் பிறந்தது. விளைவு காரணமாகக் கொள்ளப்பட்டது.

மருந்தும் அம்முடிவுக்குத் துணைநின்றது. அமினாப்டெரின் என்பது ஃபோலிக் அமிலத்தை எதிர்த்து அணுப்பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் உருவானது அது; 1947-இல் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு முதலில் பயன்பட்டது. 1951-இல் கப்னர் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் அதனை மூட்டுவாத நோயாளர்க்குக் கொடுத்தபோது, அவருள் ஒருவர்க்கு இருந்த காளாஞ்சகப்படையும் தணிந்தது. அதன் உறவு மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட்டு இன்றும் பயன்படுகின்றது. அது தணித்தது மேற்றோலணுவின் பெருக்கத்தையே எனப் பல்லாண்டு நம்பப்பட்டது. மூட்டின் அழற்சியும் தோலின் செதிலும் ஒரே மருந்துக்கு அடங்கின என்பதில் மறைந்திருந்த குறிப்பினை உணர்ந்தோர் சிலரே.

4. மருந்து ஆசானாகியமை

இதற்கிடையே நிணவணு என்னும் சிறு வெள்ளணுவின் பெருமை வெளிப்படலாயிற்று. 1950-களின் இறுதியில் ஆக்சுபோர்டில் கோவன்சு, இவ்வணுக்கள் குருதியினின்றும் நிணநீருக்கும் அங்கிருந்து மீண்டும் குருதிக்கும் சுற்றிவருதலைக் காட்டினார். 1961-இல் இலண்டனில் சாக் மில்லர், பயனற்றதெனக் கருதப்பட்ட தைமசு என்னும் உறுப்பைப் பிறந்தவுடன் நீக்கிய எலிகள் நோயெதிர்ப்பு ஆற்றலை இழத்தலைக் கண்டார். அவ்வுறுப்பில் முதிரும் நிணவணுக்கள் பின்னர் அதன் முதலெழுத்தால் டி-அணுக்கள் எனப் பெயர்பெற்றன.

திருப்பம் 1979-இல் நேர்ந்தது. உறுப்பு மாற்று அறுவையில், அயலுறுப்பை உடல் தள்ளாவண்ணம் டி-அணுக்களை அடக்குதற்குக் கண்ட மருந்து சைக்ளோசுபோரின். அதனை மூட்டுவாதத்திற்குக் கொடுத்து ஆராய்ந்த முல்லர், ஹெர்மன் என்னும் இருவர், காளாஞ்சகப்படை உடையார்க்குத் தோல் விரைந்து தெளிதலைக் கண்டு எழுதினர். டி-அணுவை அடக்கச் செதில் மறைந்தது. எனவே செதிலின் பின்னால் நின்றது டி-அணுவே என்னும் ஊகம் எழுந்தது.

மறுப்பும் எழாமல் இல்லை. ஆய்வுக்குழாயில் அம்மருந்து மிக்க அளவில் மேற்றோலணுவின் பெருக்கத்தையும் தடுக்கின்றது. அதனாலும் நோய் தணியலாமே என்றனர் மறுப்போர். அம்மறுப்பு நேரியதே. அதனைத் தீர்த்தற்கு டி-அணுவை மட்டும் தீண்டி மேற்றோலணுவைத் தீண்டாத மருந்து வேண்டியிருந்தது. 1995-இல் நியூயார்க்கு ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காட்லீப், குரூகர் முதலியோர் அதனைக் கைக்கொண்டனர். தொண்டையடைப்பான் கிருமியின் நஞ்சின் ஒரு கூற்றை, கிளர்ச்சியுற்ற டி-அணு மட்டுமே விரும்பி ஏற்கும் ஒரு புரதத்தோடு இணைத்த மருந்து அது. 10 நோயாளர்க்கு அதனைக் கொடுக்க, 8 பேர்க்கு நோய் குறைந்தது. எண்ணிக்கை சிறிது, ஆயினும் வினாவை நேர்நிறுத்தி விடைகண்ட ஆய்வு அது.

மறுதலையான சான்றும் விரைவில் வந்தது. 1996-இல் நிக்கோலாப்பும் உடனாய்வாளரும், நோயாளரின் நோய்படாத தோலை எதிர்ப்பாற்றலற்ற எலியின்மேல் ஒட்டி, அந்நோயாளரின் காவலணுக்களையே அதனுட் செலுத்தினர். அவ்விடத்தே நோய் தோன்றியது. அணுவை நீக்க நோய் நீங்கியது. அணுவைச் சேர்க்க நோய் சேர்ந்தது. உடம்பாட்டானும் எதிர்மறையானும் ஒரு கருத்தை நிறுவும் நம் உரையாசிரியர்தம் நெறியை ஒத்தது இது. எலும்பு மச்சை மாற்றம் பெற்ற சிலர்க்கு இந்நோய் மறைந்ததும், நோயுடையார் மச்சையைப் பெற்றார்க்கு நோய் புதிதாகத் தோன்றியதும் 1990-களில் பதிவாகியுள்ளன.

குருதிவழி வரும் அணுக்கள் காரணம் எனின், ஹெப்ரா வீழ்த்திய பழைய ‘குருதிக்கேடு’ மீண்டதோ என ஒருவர் வினவலாம். மீண்டதன்று. பழங்கருத்து எதனையும் விளக்கும். ஆதலின் எதனையும் விளக்காது. புதுக்கருத்தோ இன்ன அணு, இன்ன வழி எனச் சுட்டிக்கூறிச் சோதனைக்கு உட்படுவது.

5. தூதும் மறுமொழியும்

அணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன என்பது அடுத்த வினா. புரதங்களாகிய தூதுகளால் அவை பேசுகின்றன. இத்தூதுகளின் பெயர்களும் எம் கருத்துக்கு அரண் செய்வன. 1975-இல் விவரிக்கப்பட்ட ஒரு தூது, எலிகளின் கட்டியை நசித்தமையின் ‘கட்டி நசிப்புக் காரணி’ எனப் பெயர் பெற்றது. இன்றோ அதனைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்திற்கும் தோல் அழற்சிக்குமே பெரிதும் பயன்படுகின்றன. ‘இன்டர்லூக்கின்’ என்பதற்கு ‘வெள்ளணுக்களின் இடையே’ என்பது பொருள். ஆயினும் இன்டர்லூக்கின் 17 இந்நோயிற் பெரிதும் பேசுவது மேற்றோலணுவோடு.

2000-இல் இன்டர்லூக்கின் 23 கண்டறியப்பட்டது. அது 12-ஆம் எண்ணுடைய தூதுடன் ஒரு கூற்றைப் பொதுவாக உடையது. ஆதலின் 12-இன் செயலென முன்னர் எண்ணப்பட்டவற்றுட் சில 23-இன் செயலே எனத் தெரியவந்தது. 2005-இல் இன்டர்லூக்கின் 17-ஐச் சுரக்கும் டி-அணுக்கள் தனிவகையின எனத் துணியப்பட்டது. இன்றைய விளக்கம் வருமாறு: தோலிலுள்ள கிளையணுக்கள் கிளர்ந்து 23-ஐச் சுரக்கும், அது டி-அணுக்களைத் தூண்டும், அவை 17-ஐச் சுரக்கும், அதனை ஏற்ற மேற்றோலணு விரைந்து பெருகுவதோடு, மேலும் வெள்ளணுக்களை அழைக்கும் தூதுகளைத் தானும் விடுக்கும். மன்ரோ கண்ட சீழ்க்குவை அவ்வழைப்பின் விளைவு. ஆகவே மேற்றோற் கொள்கையினர் முற்றும் பிழைத்தாரல்லர். வட்டத்தின் ஒரு பகுதியை முழு வட்டமெனக் கொண்டனர்.

இவ்வறிவின் பயன் நோயாளரை எய்தியது. 12, 23 ஆகிய இரண்டையும் தடுக்கும் மருந்து 2009-இலும், 17-ஐத் தடுப்பது 2015-இலும், 23-ஐ மட்டும் தடுப்பது 2017-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எச்சரிக்கையும் உடன்வந்தது. டி-அணு தோலிற் புகுதலைத் தடுக்க 2003-இல் ஒப்புதல் பெற்ற எபாலிசுமாப் என்னும் மருந்து, அரிதாயினும் உயிர்கொல்லும் மூளைத் தொற்று சிலர்க்கு நேர்ந்தமையால் 2009-இல் விலக்கப்பட்டது. காவலனைக் கட்டிப்போட்டால் கள்வன் புகுவான். ஆதலின் படை முழுவதையும் அடக்காது, பிழைபட்ட ஆணையை மட்டும் தடுத்தலே இன்றைய மருத்துவத்தின் போக்காக உள்ளது.

6. தோலின் நினைவு

இந்நோய் தணிந்தபின்னும் முன்தோன்றிய இடத்திலேயே மீளத் தோன்றுவது ஏன்? 2004-இல் பாய்மனும் உடனாய்வாளரும், நோயாளரின் நோய்படாத தோலை எலிமேல் ஒட்டியபோது, அணு எதனையும் செலுத்தாமலே நோய் தோன்றக் கண்டனர். அத்தோலிலேயே டி-அணுக்கள் முன்னரே குடியிருந்தன. நலமுற்ற ஒருவர் தோலில் ஏறத்தாழ 2,000 கோடி டி-அணுக்கள் உள எனவும், அது குருதியில் ஓடுவனவற்றின் இருமடங்கை நெருங்கும் எனவும் 2006-இல் கிளார்க்கு முதலியோர் கணித்தனர். அவற்றுட் பல பழைய பகையை நினைவிற்கொண்டு தோலிலேயே தங்குவன. செதில் மறைந்து நலமுற்றதுபோல் தோன்றும் தோலிலும் அத்தகைய அணுக்கள் எஞ்சியிருத்தல் பின்னர்க் காட்டப்பட்டது. இன்றைய மருந்துகள் நோயைத் தணிக்கின்றன; வேரோடு நீக்குவதில்லை. அதற்கு இந்நினைவணுக்களே காரணமெனக் கருதுவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காவலணுக்கள் இந்நோய்க்கு அடிப்படையாதல் ஒரே நாளில் ஒருவராற் கண்டறியப்பட்டதன்று என்பது தெளிவாம். லாங்கர்ஹான்ஸ் கண்ட அணு நரம்பெனப் பட்டது. மன்ரோ கண்ட அணு அடையாளமெனப் பட்டது. வான் ஸ்காட் அளந்த பெருக்கம் மூலமெனப் பட்டது. கண்டவை யாவும் மெய்; கருதியவை திருத்தத்திற்கு உரியன. வேறு நோய்க்குக் கொடுத்த மருந்து இந்நோயைத் தணித்தபோதெல்லாம், அதனைத் தற்செயலென ஒதுக்காது குறித்துவைத்தவர்களாலேயே திருத்தம் நிகழ்ந்தது.

மொழி பயில்வார்க்கும் இவ்வரலாற்றில் ஒரு கடமை உண்டு. 2014-இல் உலக நலவாழ்வுப் பேரவை, காளாஞ்சகப்படையைத் தொற்றாத நெடுநாள் நோயென அறிந்தேற்று, அதனை உடையார் உறும் இழிவையும் ஒதுக்கத்தையும் நீக்க உறுப்பு நாடுகளை வேண்டியது. ஹெப்ரா ‘லெப்ரா’ என்னும் பெயரை நீக்கி 173 ஆண்டு கழிந்தபின்னும் அவ்வேண்டுகோள் தேவைப்பட்டது. நம் மொழியில் ‘படை’ என்னும் சொல் தொற்றிப் பரவும் பிற தோல்நோய்களுக்கும் வழங்குகின்றது. அதனைக் கேட்பார் இந்நோயையும் தொற்றுவதெனக் கொள்ளுதல் இயல்பு. ஆதலின் கலைச்சொல் ஆக்குவோரும் அகராதி தொகுப்போரும் இந்நோய்க்குப் பொருள் எழுதுங்கால், ‘தொற்றாதது’ என்னும் ஒரு சொல்லைத் தவறாது சேர்த்தல் வேண்டும். ஒரு சொல்லால் நேர்ந்த தீங்கு ஒரு சொல்லாற் குறைதல் கூடும் என்பது எம் துணிபு.